தப்பின் ஓசை எவருக்குச் சொந்தம்?

மாசி பிறந்துவிட்டால் மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலே காமன் கம்பம் நாட்டப்படுகின்றது. இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் உக்குவளையிலும் இரவு முழுவதும் தப்பு முழங்குகின்றது. ரதியும் மன்மதனும் ஆடுகின்றனர். விடியற்காலையில் கொழுந்துக் கூடையைத் தோளிற் போடவேண்டிய பெண்கள் கண்விழித்து அமர்ந்திருந்து கேட்கின்றனர். அந்த இரவிலே பாடுகின்றவனின் பெயர் என்ன? பக்கத்துத் தோட்டத்தாருக்குத் தெரியும். மாத்தளை நகரத்திலே பத்துப் பேருக்குத் தெரியுமா? சென்னைச் சினிமாவிலே பின்னணி பாடுகின்றவர்களின் பெயர்களையெல்லாம் வரிசையாக ஒப்புவிக்கும் எம்மவர், ஆறு மைலுக்கு அப்பாலுள்ள தம் பாடகனின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர். விழிப்போரிலே நாமும் ஒருவராயிருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எம் அலுவலகத்துக்கு மூன்று இளைஞர்கள் வந்தனர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒருவருடைய தகப்பனார் தப்படிப்பதிலே பேர்போனவர். அவருடைய அடிகளைக் கைத்தொலைபேசியிலே பதிவுசெய்து, கணினியின் துணைகொண்டு அவற்றை நீட்டியும் வெட்டியும், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தின் இரைச்சலை அடியிலே ஓடவிட்டு, அதன்மேல் தாமே எழுதிய வரிகளைப் பாடியும் பேசியும் ஏழு நிமிடப் பாடலொன்றை ஆக்கியிருந்தனர். முதற் தடவை கேட்டபோது எமக்கு அது பாடலாகவே தோன்றவில்லை. பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று தேடினோம். இரண்டாந் தடவை கேட்டபோதுதான் புரிந்தது: அது விடியற்காலையிலே ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த தப்பின் அடி! அந்த அடி சிறிது சிறிதாகத் தளர்ந்து இழவு வீட்டுத் தப்பாக மாறி முடிகின்றது. வேலைக்கழைத்த ஓசைக்கும் காட்டுக்கு வழியனுப்பிய ஓசைக்கும் இடையிலே கழிந்த வாழ்க்கையை அந்தப் பிள்ளைகள் ஏழு நிமிடத்திலே சொல்லிவிட்டனர். மேடைப் பேச்சிலே நாம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் விடயம் அது.

ஆயினும் அவர்கள் பாடலைக் கேட்பிப்பதற்காக வரவில்லை. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தத்தைக் காட்டவே வந்தனர். ஆறு பக்கம், முழுவதும் ஆங்கிலம். அவர்களுக்கு விளங்கிய ஒரே இடம், கையொப்பம் இடவேண்டிய கோடு. இன்றுள்ளனவும் இனி வரவிருப்பனவுமான எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், எக்காலத்துக்கும், பாடலின் சகல உரிமைகளையும் ஒரு சிறு தொகைக்கு அவர்கள் விட்டுக்கொடுப்பதாக நான்காம் பக்கம் கூறிற்று. எம் பாட்டன்மாரும் பெருவிரலை மையிலே தோய்த்துக் கங்காணியின் தாளிலே வைத்தார்கள். பேரன்மாருக்குக் கையொப்பமிடத் தெரியும். அவ்வளவே வேற்றுமை.

சட்டம் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியவனுக்கு வாழ்நாள் முழுவதும், அவன் மறைந்தபின் 70 ஆண்டுகளும் பொருளாதார உரிமை உண்டு. அதை எழுத்திலே கைமாற்றலாம். ஆனால் தன் பெயரால் அந்த ஆக்கம் அறியப்படவேண்டும் என்னும் ஒழுக்க உரிமை அதனின்றும் வேறானது. பணத்துக்குரிய உரிமை கைமாறியபின்னரும் அது ஆக்கியவனிடமே நிற்கும்.

தகப்பனாரின் தப்போசைக்கு என்ன வழி? அங்கேதான் சிக்கல். பரம்பரையாக வந்த கலைவடிவங்களை அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகள் என்ற பெயரிலே பாதுகாக்கின்றது. அவற்றை மரபுச் சூழலுக்கு வெளியே வணிகத்துக்குப் பயன்படுத்துகின்றவர், அமைச்சர் குறிக்கும் அதிகாரியிடம் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்தவேண்டும். அப்பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்படும். நல்லது. ஆனால் தப்படித்தவனுக்கு? பண்பாடு அவனுடையது, கட்டணம் அதிகாரியினுடையது என்ற இந்தப் பங்கீட்டை வாசகர்களே எடைபோடட்டும்.

இதனை வெறும் ஏட்டுச் சட்டமென்று ஒதுக்குவோருக்கு ஓர் உண்மைக் கதையைச் சொல்வோம். 2021 மார்ச்சிலே 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாடல் வெளிவந்தது. எந்தச் சினிமாப் படத்திலும் இடம்பெறாத தனிப்பாடல். அறிவும் தீயும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசைத்துறையை ஏற்றிருந்தார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். அந்தப் பாடலின் வேர் எங்கேயிருக்கின்றது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்து, பின் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்ட வள்ளியம்மாள் என்ற மூதாட்டியிடம் இருக்கின்றது. அறிவின் பாட்டி அவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்தோபர் 30ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகத் தலையெண்ணிப் பிரித்தது. அப்படிப் பிரிக்கப்பட்டவர்களின் ஒப்பாரியும் உழைப்புமே அந்தப் பாடலாயிற்று.

அடுத்து நடந்தது என்ன? 2021 ஆகஸ்டிலே புகழ்பெற்ற இசைச் சஞ்சிகை ஒன்றின் முகப்பிலே பாடலோடு தொடர்புடையோரின் படம் வந்தபோது அறிவின் முகம் அதில் இல்லை. 2022 ஜூலையிலே சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலே பாடல் ஒலித்தபோதும் மேடையிலே அவர் இல்லை. பாடல் தம்முடையது என்று அவர் பகிரங்கமாக எழுத நேர்ந்தது. இசையமைப்பாளரும் தம் தரப்பு விளக்கத்தை வெளியிட்டார். பின்னர் 2024 மார்ச்சிலே, அந்தப் பாடலால் ஒரு காசுகூடத் தமக்கு வந்து சேரவில்லை என்று அதே இசையமைப்பாளர் கூறினார். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. இருதரப்பையும் கேளாது தீர்ப்புச் சொல்வது எம் தொழிலுக்கு அடாது. உலகமே பாடிய பாடலுக்கு இந்தக் கதி என்றால், இறத்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளின் பாடலுக்கு என்ன கதி என்பதே எம் கவலை. அறிவு சோர்ந்துவிடவில்லை. 2024இலே 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்பைத் தம் பாட்டியின் பெயராலேயே வெளியிட்டார்.

இணையம் வந்துவிட்டது, இடைத்தரகன் ஒழிந்தான் என்று சிலர் மகிழ்கின்றனர். இடைத்தரகன் ஒழியவில்லை, வேட்டியை மாற்றிக்கொண்டான். ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2024 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்துகின்றது: பன்னிரண்டு மாதங்களிலே ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைப்பணம் கிடையாது. அந்தப் பணம் அதிகம் கேட்கப்பட்ட பாடல்களின் பங்கோடு சேர்கின்றது. மிளகு பயிரிடும் எம் வாசகர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். 'ஆயிரம் கிலோவுக்குக் குறைந்தால் விலை தரமாட்டேன். ஆனால் கொண்டுவந்த மிளகைக் கடையிலே வைத்து விற்பேன், அந்தக் காசைப் பெரிய தோட்டக்காரனுக்குக் கொடுப்பேன்' என்று ஒரு வியாபாரி சொன்னால், மாத்தளைச் சந்தையிலே அவன் கடை மறுநாள் திறந்திருக்குமா? பேண்ட்காம்ப் போன்ற தளங்களும் உண்டு. அங்கே பாட்டை நேராக விலைகொடுத்து வாங்கலாம். தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கலைஞனிடம் சேர்க்கும். ஆனால் அங்கே பாடல் தானாக வந்து கதவைத் தட்டாது. தேடிப் போகவேண்டும். தேடுவதற்குத்தான் எம்மவர் சோம்புகின்றனர்.

வழிகள் புதியனவல்ல. 1970களிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் சினிமாவின் தயவின்றியே இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையை வீடுதோறும் கொண்டுசென்றனர். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை, 1983இலே அவற்றை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். தென்னிலங்கையின் பலிச் சடங்கிலே முழவு கொட்டும் பரம்பரைக் கலைஞர்கள் புதுமுறை இசைக்கலைஞர்களுடன் சேர்ந்து 'பலிஃபொனிக்ஸ்' என்ற குழுவாகப் பரிசோதனை இசை படைக்கின்றனர். சென்னையிலே 2018இலே மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, சாதி சொல்லித் தள்ளிவைக்கப்பட்ட பறையையும் கானாவையும் நிமிர்ந்து நிற்கச் செய்தது. அறிவும் அந்தக் குழுவிலே பாடியவர்தான். தப்பைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன வாய்கள் எம் தோட்டங்களிலும் இருந்தன. இன்று அவை தாழ்ந்த குரலிலே பேசுகின்றன. அடங்கிவிட்டன என்று சொல்ல மனச்சாட்சி இடந்தரவில்லை.

பிறரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. எம் இயக்கத்தின் மே தினக் கூட்டங்களிலே நடப்பதென்ன? தலைவரை மாலையிட்டு அழைத்துவரத் தப்புக்குழு வேண்டும். தலைவர் மேடையேறியதும் தப்புக்காரர் மேடைக்குக் கீழே நிற்பார். ஒலிபெருக்கியிலே சினிமாப் பாட்டு முழங்கும். 2023 ஜூலை 28 தொடக்கம் ஆகஸ்ட் 12 வரை, எம் முன்னோர் நடந்த வழியைத் தேடித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மக்கள் நடந்துவந்தார்களே! காட்டிலே நோயாலும் பசியாலும் வீழ்ந்தோர் போக எஞ்சியவர்கள் கண்ட ஊர் இது. அவர்கள் பெட்டி படுக்கை கொண்டுவந்தார்களோ இல்லையோ, பாட்டைக் கொண்டுவந்தார்கள். அந்த வழியின் முடிவிலே வாழ்கின்ற நாமே அந்தப் பாட்டின் இன்றைய வாரிசுகளை அறியாமலிருப்பது எப்படி நியாயமாகும்?

ஆகையால் எம் கிளைகளுக்கு ஒன்றை எழுதியுள்ளோம். இனி மாவட்டத்திலே நாம் நடத்தும் கூட்டங்களில் பாடுவோர் உள்ளூர்க் கலைஞர்களாயிருப்பர்; அவர்கள் பெயர் துண்டுப்பிரசுரத்திலே பேச்சாளர் பெயரின் அளவிலேயே அச்சிடப்படும்; ஒலிபெருக்கிக்காரனுக்குக் கூலி கொடுக்கும் அதே நாளிலே அவர்களுக்கும் கொடுக்கப்படும். ஒப்பந்தத் தாளோடு வருகின்ற எந்த இளைஞனுக்கும் எம் அலுவலகத்திலே கட்டணமின்றி அது தமிழிலே வாசித்து விளக்கப்படும். மாத்தளையிலுள்ள ஏனைய சட்டத்தரணிகளும் மாதத்திலே ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கலாம். ஆசிரியர்களும் வைத்தியர்களும் செய்யவேண்டியது அதனினும் எளிது. இம்மாதம் அறியாத பெயரொன்றைத் தேடி ஒரு பாட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். முதற் தடவை பிடிக்காவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள்.

அந்த மூன்று இளைஞர்களின் ஒப்பந்தத்தைத் திருத்தினோம். எக்காலத்துக்கும் என்பதை ஐந்தாண்டு என்று மாற்றினோம். தப்படித்த தகப்பனாரின் பெயரையும் பங்கையும் சேர்த்தோம். தமிழ்ப் பிரதியொன்றும் வேண்டுமென்று எழுதினோம். கொழும்பிலிருந்து இன்னும் மறுமொழி இல்லை. பிள்ளைகள் காத்திருக்கவில்லை, பாடலைத் தாமே இணையத்திலே வெளியிட்டுவிட்டனர். சென்ற வாரம் பார்த்தபோது, கேட்டோர் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. தகப்பனார் அந்த எண்ணைக் காட்டச் சொல்லிப் பார்த்தாராம். 'நம்ம தோட்டத்துல இருக்கிற ஆள விட இது கூடத்தானே' என்றாராம்.