கடன்பட்டவன் காலுக்கு விலங்கா?

கடனில் மூழ்கியவன் விடுமுறைக்கு வெளிநாடு போகலாமா? கேட்டவுடன், "கடனை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதா?" என்று உழைப்பாளிகளே முகம் சுளிப்பதைப் பார்க்கிறோம். கொஞ்சம் நிதானித்து யோசிப்போம்.

இங்கிலாந்தில் 1986-ம் ஆண்டுத் திவால் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. கடனடைக்க முடியாதவர், கடன் கொடுத்தவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். வாக்களிப்போரில் முக்கால் பங்குக் கடனுக்கு உரியவர்கள் சம்மதித்தால் போதும். பெரும்பாலும் 5 அல்லது 6 ஆண்டுகள் மாதத் தவணை கட்ட வேண்டும். கட்டி முடித்தால் ஏற்பாட்டில் சேர்ந்த மிச்சக் கடன் தள்ளுபடி. அந்த ஆண்டுகளில் வெளிநாடு போகச் சட்டம் தடுக்கவில்லை. தவணை தவறக்கூடாது, வீட்டுச் செலவுக்கு ஒதுக்கியதில் மிச்சம் பிடித்துப் போகவேண்டும். அவ்வளவுதான்!

இதில் என்ன தவறு? கடன் கொடுத்தவனுக்குப் பணத்தின்மேல் பாத்தியதை உண்டு. மனிதனின் கைகால்மேல் ஏது பாத்தியதை?

அதே இங்கிலாந்துக்கு நம் நாட்டுக் கடனாளி ஒருவரும் போனார். 2016 மார்ச் 2-ல் விஜய் மல்லையா விமானமேறினார். அவரது விமானக் கம்பெனி வங்கிகளுக்கு வைத்த பாக்கி, வட்டியோடு சுமார் 9,000 கோடி ரூபாய். அப்போது அவர் ராஜ்யசபை உறுப்பினர். கையில் ராஜதந்திரிகளுக்கான பாஸ்போர்ட்! வங்கிகள் வழக்காடி, 2021 ஜூலை 26-ல்தான் லண்டன் நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது.

நம் செங்கல் சூளைக்கு வாருங்கள். சில ஆயிரம் முன்பணம் வாங்கிய குடும்பம் திருவிழாவுக்கு ஊர் போகக் கேட்டால் என்ன பதில்? "கணக்கை முடித்துவிட்டுப் போ!" கணக்கோ முடிவதேயில்லை. தாய் இறந்தாலும், ஒருவரைப் பிணையாக நிறுத்திவிட்டு மற்றவர் போகவேண்டும். கோடிக்குப் பறக்கச் சிறகு, ஆயிரத்துக்குக் காலில் விலங்கு! இதுவா நியாயம்?

சட்டம் இதை ஒப்பவில்லை. கடனுக்காக ஒருவன் நாட்டில் விரும்பிய இடம் போகும் உரிமையை இழந்து வேலை செய்தால், அது கொத்தடிமைத்தனம் என்கிறது 1976-ம் ஆண்டுச் சட்டம். அந்தக் கடனே ரத்து. அடிமை கொண்டவனுக்கு 3 ஆண்டுவரை சிறை. 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும், வறுமையால் கடன் கட்ட இயலாதவனைச் சிறையில் தள்ளக்கூடாது என்கிறது.

ஆனால் ஏட்டிலிருக்கும் சட்டம் தானாகச் சூளைக்கு நடந்து வராது. யாரையாவது கடனுக்காகத் தடுத்துவைத்திருப்பது தெரிந்தால், கூட்டமாகக் கலெக்டரிடம் போவோம், மனுக் கொடுப்போம், விடுதலைச் சான்று கையில் வரும்வரை விடமாட்டோம். வாங்கிய நியாயமான கடனை உழைத்து அடைப்போம். கால்களை மட்டும் எவனுக்கும் அடகு வைக்க மாட்டோம்!