குஞ்சா, ஆணா?

ஆழ்கடல் தூண்டில்மீன் ஒன்றின் வயிற்றில் ஒட்டியிருந்த சிறுமீன்களை 1922-இல் ஐஸ்லாந்தின் மீனியலாளர் சேமுண்ட்சன் குஞ்சுகள் என்றே எண்ணினார். 1925-இல் இன்னொரு மீனை அறுத்துப் பார்த்த பிரிட்டிஷ் மீனியலாளர் டேட் ரீகன், ஒட்டியிருப்பது ஆண் என்றார். அதன் வாய் பெண்ணின் தோலோடு கலந்திருந்தது. தனித்துத் திரிந்த ஆண்களை வேறு குடும்பமாகவே வகைப்படுத்தியிருந்த காலம் அது! கடலுக்கு ஏன் போக வேண்டும்? செக்கச் செவேலென்ற விரால் குஞ்சுக் கூட்டத்தையும் கருத்த தாய் விராலையும் பார்க்கும் வெளியூர்க்காரர் இரண்டும் ஓரினம் என்று நம்புவாரா? உத்திரமேரூர் ஏரியில் வலை வீசுபவருக்கு அது தெரியும். ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்த முறையைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிய ஊர் இது. அதேபோல இந்த அறிவையும் பதிய, விரால், கெளுத்தி, கெண்டை என ஒவ்வொன்றையும் ஆண், பெண், குஞ்சு பிரித்து, மீனவர் சொல்லச் சொல்லப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்து எழுதட்டும். அடுத்த மழைக்கு ஏரி நிரம்பும்போதே தொடங்கலாம்.