வெள்ளித் தோல்



பெரியதொரு விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் உறுப்புகளைப் பொருத்தி, அசல் விமானத்தின் சாயல் பிசகாமல் உருவாக்கும் கைவினை மேல்நாடுகளிலும் ஜப்பானிலும் பல்லாண்டுகளாகப் பயிலப்பட்டு வருகின்றது. சிறுவர் விளையாட்டு என்று இதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. இதில் தேர்ந்தவர் பலர் நரைத்த தலையினர். அவர்களுடைய பொறுமையை முற்றாகச் சோதிப்பது, சாயம் பூசாத வெற்று உலோகமாக மின்னும் விமானத்தைச் செய்வதே. வெள்ளிச் சாயம் எத்துணை உயர்ந்ததாயினும் பெரும்பாலும் சாயமாகவே தோன்றும். ஆதலின் மெய்யான அலுமினியத்தையே மெல்லிய தாளாகக் கொண்டு, பசையால் ஒட்டி, விமானத்தின்மேல் தோலாகப் போர்த்துகின்றனர்.

பின்புறம் பசையுடனேயே விற்கப்படும் தாள் உண்டு. 'பேர் மெட்டல் ஃபாயில்' என்னும் அமெரிக்கத் தயாரிப்பு பெயர்பெற்றது. சமையலறையில் உணவு பொதியும் அலுமினியத் தாளுக்கே பசை தடவிக்கொள்வோரும் உளர். பால்போல் வெளுத்திருக்கும் அப்பசை காய்ந்து தெளிந்த பின்னரே ஒட்ட வேண்டும். அத்தாளின் தடிப்பு சுமார் 0.016 மில்லிமீட்டர். அதனை 72ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அசல் விமானத்தின் மேற்றகடும் பல இடங்களில் ஏறக்குறைய அவ்வளவே!

அத்தாளின் ஒரு புறம் பளபளப்பாகவும் மறுபுறம் மங்கலாகவும் இருப்பதை நம் வீட்டுத் தாய்மார் கண்டிருப்பர். ஆலையில் இறுதியாக உருட்டும்போது இரண்டு தாள்களை ஒன்றாக வைத்து உருளைகளுக்கிடையே செலுத்துகின்றனர். உருளையைத் தொட்ட புறம் மின்னுகின்றது. தாளோடு தாள் பட்ட புறம் மங்குகின்றது. கைதேர்ந்தவர் இவ்விரு புறங்களையும், உருட்டியதால் விழுந்த நுண்கோடுகளின் திசையையும் மாற்றி மாற்றி ஒட்டி, அசல் விமானத்தைப் போலவே அடுத்தடுத்த தகடுகள் வெவ்வேறு ஒளியுடன் தோன்றச் செய்வர்.

ஆனால் ஒட்டுவதற்கு முன் நடைபெறுவதே பெரிய வேலை. பிளாஸ்டிக் உறுப்புகள் இணைந்த இடங்களை மெழுகியடைத்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பின் அதனினும் நுண்ணிய தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். சாயம் ஓரளவு மறைக்கும். இத்தாளோ எதையும் மறைப்பதில்லை. ஒரு மயிரிழை, ஒரு தூசு, ஒரு சிறு கீறல் அடியில் இருப்பினும் மேலே புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஒப்புரவுக்கு முன் ஆன்ம சோதனை செய்து பழகியவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

பின்னர், தகட்டின் அளவுக்குச் சற்றே மிகுதியாகத் தாளை வெட்டி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பஞ்சினால் தேய்க்க வேண்டும். முனை மழுங்கிய மரக்குச்சியால் இணைப்புக் கோடுகளில் பதித்து, புத்தம்புதிய பிளேடால் கோட்டின் வழியே மெதுவாகக் கீறி, மிகுந்ததை உரித்தெடுக்க வேண்டும். மழுங்கிய பிளேடு தாளைக் கிழித்துவிடும். எந்திர உறைகள் போன்று இரு திசையிலும் வளைந்த பகுதிகளில் தாள் சுருக்கம் விழும்; அங்கே குறுகிய துண்டுகளாக ஒட்டுவதன்றி வேறு வழியில்லை. பல வாரங்கள் செல்லும். அவசரக்காரர் இதில் இறங்காதிருத்தல் நலம்.

எல்லாப் பகுதியையும் உலோகமாக்கிவிடுவதும் பிழையே. இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற பி-51 மஸ்டாங் விமானத்தின் உடல் வெற்று உலோகமாக இருந்தபோதும், இறக்கையைக் காற்று வழுக்கிச் செல்லும்பொருட்டு இணைப்புகளை அடைத்து, தேய்த்து, வெள்ளி நிறப் பூச்சு பூசியிருந்தனர். அங்கே தாளை ஒட்டுபவர் அழகைக் கூட்டி உண்மையைக் குறைக்கின்றார்.

ஜப்பானில் இச்சிற்றுருவத் தொழிலின் தலைநகர் ஷிசுவோகா. பெயர்பெற்ற தமியா நிறுவனம் போருக்குப் பின், 1946இல், மரத்தொழிலாகத் தொடங்கியது அந்நகரிலேதான். அதற்கு முந்தைய ஆண்டு, 1945 ஜூன் 20இல், அதே நகரத்தைத் தீக்கிரையாக்கியவை அமெரிக்காவின் பி-29 விமானங்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 43 மீட்டர். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்தாலும் அறுபது சென்டிமீட்டர் வரும். உலோகத் தாள் ஒட்டுவோர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் விமானங்களுள் அதுவும் ஒன்று.

அது ஏன் சாயமின்றிப் பறந்தது? சாயத்திற்கும் எடை உண்டு. அதைப் பூச நேரமும் செல்லும். வானில் எதிரியின் வலிமை குன்றிவரவே, ஒளிந்து செல்ல வேண்டிய தேவை குறைந்துவிட்டது. அந்த மினுமினுப்பு, 'என்னை நீ பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை' என்று கூறும் மினுமினுப்பு. அணுகுண்டை எடுத்துச் செல்லும்பொருட்டு மாற்றியமைக்கப்பட்ட பி-29களுக்கு இடப்பட்ட மறைபெயரே 'சில்வர்பிளேட்', அதாவது வெள்ளித்தட்டு!

அவற்றுள் ஒன்று 'பாக்ஸ்கார்'. 1945 ஆகஸ்ட் 9 அன்று அதனைச் செலுத்திய சார்லஸ் ஸ்வீனி ஒரு கத்தோலிக்கர். முதல் இலக்காகிய கொக்குரா நகரம் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாமற்போகவே, விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. காலை 11.02க்குக் குண்டு வெடித்தது ஊரகாமிப் பகுதியில். குருக்களின்றி ஏறத்தாழ 250 ஆண்டுகள் மறைவில் விசுவாசத்தைக் காத்த மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த பங்கு அது. பேராலயம் ஐந்நூறு மீட்டர் தொலைவில் நின்றது. மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாக உள்ளே இரு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தனர். ஆலயத்தினுள் இருந்த எவரும் பிழைக்கவில்லை. சுமார் 12,000 பங்கு மக்களில் 8,500 பேர் மாண்டனர் என்பர்.

தினியன் தீவில் அவ்விமானப் பிரிவினருக்கு ஆன்ம குருவாக இருந்தவர் ஜார்ஜ் சபெல்கா. நகரங்களின்மீது குண்டு வீசுவது தகாது என்று தாம் அவர்களுக்கு ஒருமுறையேனும் எடுத்துரைக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாக அறிக்கையிட்டார். 1992இல் இறக்கும்வரை அமைதிக்காகப் பேசினார். குருவானவன் என்ற முறையில், விமானத்தைக் காட்டிலும் அவருடைய செய்தியே என் நெஞ்சில் தைக்கின்றது.

பாக்ஸ்கார் இன்று அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கருகே வான்படை அருங்காட்சியகத்தில் மின்னிக்கொண்டு நிற்கின்றது. அதன் மூக்கில் சிறகு முளைத்த சரக்கு ரயில்பெட்டியின் ஓவியமும், 'சால்ட் லேக்', 'நாகசாகி' என்னும் ஊர்ப்பெயர்களும் காணப்படும். சிற்றுருவம் செய்வோர் நீரில் நனைத்து ஒட்டும் படமாகவும் அது கிடைக்கின்றது. ஆயினும் அவ்வோவியம் குண்டு வீசித் திரும்பிய பின்னரே வரையப்பட்டது. ஆகையால் ஆகஸ்ட் 9ஆம் நாளின் விமானத்தைச் செய்ய விரும்புவோர் அப்படத்தை ஒட்டாது எடுத்துவைத்துவிட வேண்டும். வாலின் குறியையும் பக்கத்தில் 77 என்னும் எண்ணையும் இட்டு, மூக்கின் தகடுகளைப் பஞ்சினால் நன்றாகத் தேய்த்து, வெறுமையாகவே விட்டுவிட வேண்டும்.