‘நன்கு பொருந்துகிறது’

சாய்சுழலி வானூர்தி குறித்த ஆய்வுக்கட்டுரைகளில் அடிக்கடி வரும் தொடர் இது: கணிப்பு, சிறுமாதிரிச் சோதனையோடு ‘நன்கு பொருந்துகிறது’. எந்த நிலையில் பொருந்துகிறது என்று வாசிப்பவர் கேட்பது அரிது.

1959இலும் 1960இலும் அமெரிக்காவில் இரண்டு லாக்ஹீட் எலெக்ட்ரா விமானங்கள் நடுவானில் இறக்கை முறிந்து வீழ்ந்தன. 97 பேர் மாண்டனர். ஓயப்போகும் பம்பரத்தின் தலையைப் போல எஞ்சினும் விசிறியும் தள்ளாட, அவ்வாட்டம் இறக்கையையும் பற்றிப் பெருகும் ‘சுழல் படபடப்பு’ அது. கோட்பாட்டில் 1938இலேயே சொல்லப்பட்டதுதான். எஞ்சின் தாங்கிகள் உறுதியாக இருந்தவரை ஆபத்தில்லை. தளர்ந்தால் மட்டுமே அது தலைகாட்டியது. லாங்லி காற்றுச் சுரங்கத்தில், தாங்கியைத் தளர்த்திய மாதிரியே அதை மெய்ப்பித்தது. தாங்கியின் ஓர் உறுப்பு முறிந்தாலும் விமானம் நிலைகுலையக் கூடாதென்ற விதி அதன் பின்னரே வந்தது.

சாய்சுழலியிலோ அக்கனம் முழுவதும் இறக்கை நுனியில். வி-22இன் இறக்கைத் தடிப்பு அதன் அகலத்தில் 23 விழுக்காடு; வேகத்துக்கு ஒவ்வாத அப்பருமன் இவ்வச்சத்தின் விலை. அதன் ஐந்திலொரு பங்கு மாதிரியில், எஞ்சின் கூடு இறக்கையோடு பூட்டப்பட்டபோது ஒரு விடை, பூட்டு விடுபட்டபோது வேறு விடை. மூட்டு உராய்வு அதிர்வைத் தணித்து, மாதிரியை உள்ளதைவிட உறுதியாகக் காட்டவும் கூடும். கணக்கும் மாதிரியும் ஒரே இறுக்கத்தை எடுத்துக்கொண்டால் பொருந்துவதில் வியப்பென்ன?

பெங்களூருவிலோ சென்னையிலோ இத்துறையில் ஆய்வேடு எழுதுவோர், தாங்கி தளர்ந்த நிலைக்கான கோட்டையும் பொருந்தாத புள்ளிகளையும் பின்னிணைப்புக்குத் தள்ளாமல் முதல் வரைபடத்திலேயே இட வேண்டும்.