ஊசி எதற்கு?

பின்னேரம் கரப்பந்தாட்டத் திடல் பக்கம் போனால் முழங்காலில் நீகப் உறை போட்ட ஒரு பெடியனாவது கரையில் குந்தியிருப்பான். "சவ்வு தேஞ்சிட்டுதாம் அண்ணை. ஊசி ஒண்டு போட்டால் திரும்ப வளருமாம்." வயது 24 இருக்கும்.

வளராது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் சவ்வு என்பது முழங்கால் மூட்டின் குருத்தெலும்பை.

ஊசி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே போகும் மருந்து ஒன்றல்ல. ஸ்டெரொயிட் வீக்கத்தை அடக்கி, சில கிழமைகளுக்கு நோவைக் குறைக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கொரு தடவையாக இரண்டு வருடம் அதைப் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததை 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஜெல் ஊசி எனப்படும் ஹயலுரோனிக் அமிலத்தின் பலன் மிகச் சொற்பம். இப்போது பேச்சடிபடுவது பி.ஆர்.பி. கையில் இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தெளிந்து வரும் மஞ்சள் நீரை முழங்காலுக்குள் ஏற்றுவார்கள். சொந்த இரத்தம் என்பதால் நம்பிக்கையும் கூட. 2021இல் அவுஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தபோது, ஒரு வருடம் கழித்தும் அது வெறும் உப்புநீர் ஊசியை வெல்லவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளும் வயது போனவர்களின் தேய்மானத்தைப் பற்றியவை. இளம் வயதில் பெரும்பாலும் நடப்பது தேய்வல்ல, காயம். எகிறி அடித்துவிட்டு இறுகிய தரையில் கோணலாக விழும்போது பிணைநார் அறுகிறது, மூட்டு மெத்தையான மெனிஸ்கஸ் கிழிகிறது, குருத்தெலும்பும் பெயர்கிறது. இரத்தக்குழாய் இல்லாத இழையம் அது. தானாக ஆறுவது அரிது. எக்ஸ்றேயில் நேரே தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். 1994இல் சுவீடனில் ஆளின் சொந்தக் குருத்தெலும்புக் கலங்களை வளர்த்துத் திரும்ப வைத்துக் காட்டினார்கள். ஆனால் அது சத்திரசிகிச்சை, ஊசியல்ல. அறுந்த பிணைநாரை எந்த ஊசியும் ஒட்டாது. நோ அடங்கிவிட்டது என்று அதே காலோடு திடலில் இறங்குபவன் மிச்சக் குருத்தெலும்பையும் அரைத்து முடிப்பான்.

பல முழங்கால்களுக்கு முதல் மருந்து தொடைத் தசைதான். காலை நீட்டி இருந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்தி விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. தொடக்கம் இவ்வளவுதான், மிச்சத்தை இயன்மருத்துவர் சொல்லித் தருவார். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. காசில்லாததாலோ என்னவோ, இரண்டாம் கிழமையே பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரிந்து, நிபுணர் சொல்லிப் போடுவது வேறு. என்ன மருந்து, எந்தக் காயத்துக்கு, பலன் எத்தனை மாதம் என்று கேளுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊசிக்குக் காசு அனுப்பும் உறவுகளே, முதலில் ஸ்கானுக்கு அனுப்புங்கள்.