கையாற் கற்கும் கணிதம்

ஏட்டுக்கல்வி மட்டும் போதாது என்பதை நாம் மேடைதோறும் கேட்டு வருகின்றோம். எனினும், ஏட்டோடு சேர வேண்டியது யாதென ஒரு பொருளைச் சுட்டிக் காட்டுவார் அரியர். அவ்வாறு சுட்டத்தக்க பொருளொன்றை இம்மலரின் வாசகர்முன் வைத்து, அதன் வாயிலாகக் கல்லூரி அன்னையின் மைந்தர்க்கு ஒரு வேண்டுகோள் விடுப்பதே எமது நோக்கமாகும். அப்பொருள், விரைவுக் காரின் சில்லைச் சட்டகத்தோடு பிணைத்து நிற்கும் உருக்குக் கரம்.

எம் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரை அறியாதார் இலர். 1948இல் வெளிவந்த அவ்வண்டியின் முன்சில்லு ஒவ்வொன்றையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு கரங்கள் தாங்கின. விரைவுக் கார்களில் இக்கரங்களைப் பெரும்பாலும் முக்கோண வடிவில் அமைப்பர். ஒவ்வொரு கரமும் உட்புறத்தே இரு புஷ்களிலும், வெளிப்புறத்தே ஒரு போல் ஜொயின்றிலும் அசையும். மேற்கரம் கீழ்க்கரத்தினும் குறுகியிருத்தல் வழக்கம். வளைவிலே வண்டியின் உடல் சரியும்போது வெளிப்பக்கச் சில்லும் உடன்சரியாது, ரயர் தரையில் நன்கு படிந்து நிற்பதற்கு இவ்வமைப்பே துணைசெய்கின்றது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். கீழ்மூட்டு தரையிலிருந்து 200 மில்லிமீற்றர் உயரத்திலும், மேல்மூட்டு 450 மில்லிமீற்றர் உயரத்திலும் உள்ளன எனக் கொள்வோம். வளைவிலே தரையானது ரயர்மீது 3000 நியூற்றன் பக்கவிசையைச் செலுத்துகின்றது. அவ்விசையை மட்டும் நோக்கி, மேல்மூட்டைச் சுற்றித் திருப்பம் எடுப்பின், கீழ்மூட்டில் 5400 நியூற்றனும், மேல்மூட்டில் எதிர்த்திசையில் 2400 நியூற்றனும் தாக்கும். தரை தந்த விசையினும் கீழ்க்கரம் தாங்கும் விசை 1.8 மடங்காகின்றது! நெம்புகோலின் தத்துவம் அறிந்த எந்த மாணவனும் இதனைச் செய்து முடிப்பான். ஆயின், தாளிற் பிழைத்தாற் சில புள்ளிகளே குறையும். உருக்கிற் பிழைத்தாற் சில்லே கழன்றுவிடும்.

கணக்கு முடிந்தபின் கைவேலை தொடங்குகின்றது. குழாயை அளந்து வெட்டி, அதன் முனையை மற்றைய குழாயின் வளைவுக்கு இயைய அராவி, ஜிக்கில் இறுகப் பிணைத்தே ஒட்டுதல் வேண்டும். அன்றேல், ஒட்டுவேலையின் சூட்டினால் உருக்கு இழுபட்டு, இடக்கரமும் வலக்கரமும் ஒவ்வாது போகும். புரியிட்ட முனையை வளைவிசை தாங்கும் இடத்தில் வைத்தலாகாது. புரியின் பள்ளத்திலேயே வெடிப்புத் தோன்றும். வண்டியிற் பூட்டுமுன், அதே கையால் ஒட்டிய மாதிரித் துண்டொன்றை அறுத்தும் வளைத்தும் சோதித்தல் வேண்டும். அளவு, பொறுமை, நேர்மை என்னும் மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும் பாடம் இதனினும் சிறந்தது யாது?

இஃது ஒரு பள்ளிக்கு இயலுமோ எனச் சிலர் வினவலாம். இங்கிலாந்திலுள்ள அவுண்டில் பள்ளியிலே 1892 முதல் 1922 வரை தலைமை ஆசிரியராயிருந்த சாண்டர்சன், பொறியியற் பட்டறைகளை நிறுவி, அவற்றைக் கல்வியின் நடுவிடத்தில் வைத்தார். அவர் வரலாற்றை எச். ஜி. வெல்ஸ் 1924இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் அதே பள்ளியின் ஆசிரியரான றொன் சம்பியன், 250 பவுண் அளவான சிறு செலவில் விளையாட்டுக் காரொன்றைத் தாமே கட்டும் முறையை விளக்கி 1996இல் ஒரு நூல் எழுதினார். கொலின் சப்மனின் 1957ஆம் ஆண்டு லோட்டஸ் செவனைப் போன்ற அக்காருக்குப் பழைய போர்ட் வண்டிகளின் உறுப்புகள் உதவின. சட்டகமும் முன்கரங்களும் கட்டுவோர் கையாலேயே உருவாயின. அந்நூலைக் கொண்டு எத்தனையோ பேர் தத்தம் கொட்டில்களிற் கார் கட்டினர்.

எம்மவர்க்குக் கைத்திறன் குறைவோ? அன்று. 1990களில் எரிபொருளும் உதிரிப்பாகமும் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச்செய்தவர் எம் கராச்சுத் தொழிலாளரே. அவர்தம் கையறிவும் எம் வகுப்பறைக் கணிதமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே குறை. உயர்தரத்திற்குத் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தபின்னரும், மருத்துவமும் பொறியியலும் கிட்டாதோர் ஒதுங்குமிடம் அதுவென எண்ணும் பெற்றோர் பலர். கையை அழுக்காக்குதல் இழிவென்னும் பழைய எண்ணம் இன்னும் மாயவில்லை.

மாணவர்க்கு இது ஆபத்தான வேலை என்பாருமுளர். மெய்தான். ஆயினும், தகுந்த ஆசிரியரின் கண்காணிப்பிற் செய்து, தேர்ந்த பொறியியலாளர் பார்த்து ஒப்பும்வரை வீதிக்கு விடாதிருப்பின், அவ்வாபத்தே பொறுப்பைக் கற்பிக்கும் ஆசானாகும்.

யூபிலி ஆண்டுகளில் வளைவுகளும் சிலைகளும் எழுதல் எம் வழக்கம். அவற்றை நாம் வெறுப்பவரல்லேம். ஆயினும், இம்முறை திரளும் நிதியில் ஒரு பங்கேனும் பட்டறையொன்றுக்குச் செல்லுக. ஒட்டுவேலைப் பொறியும், துளைபொறியும், உறுதியான மேசையும் அமைந்தாற் பணி தொடங்கும். பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர் வரைபடம் தருக. ஊரிலுள்ள கராச்சு ஆசான் ஒருவரைக் கல்லூரி மதிப்புடன் அழைத்து, ஆசிரியர் வரிசையில் அமர்த்துக. அன்றுதான் எம் மாணவர் கணிதத்தை முழுமையாகக் கற்றவராவர்.