கயிறு பிடித்த கை



முத்துக்குளித்தலைப் பற்றித் தென்கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. கயிற்றில் கட்டிய கல்லில் காலைப் பதித்துக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். தோணியில் நிற்பவர் கையில் இன்னொரு கயிறு இருக்கும். அடியில் மூச்சடக்கி இருப்பவர் அதை அசைத்ததும், மேலே இருப்பவர் நொடியும் தாமதிக்காமல் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்களாம். கை சோர்ந்தாலும் அவன் விடமாட்டான். அக்காளின் தாலியல்லவா கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது!

கொற்கைக் காலம் தொட்டுப் பேர்பெற்ற அந்த முத்துக்குளிப்பு, 1961-க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் நடக்கவில்லை. கயிற்றைப் பற்றிய பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. சென்ற ஜனவரியில், அந்தமானின் ஹேவ்லாக் தீவில், இடுப்பளவுத் தண்ணீரில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு நின்றபோது அது என் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்றவன் என் மைத்துனன்.

மணமேடையில் எனக்குக் கால் கழுவி மோதிரம் போட்டுவிட்டபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. வளர்ந்தான், வேலைக்குப் போனான், ஸ்கூபா டைவிங் பழகினான். லீவு கிடைத்தால் கடலுக்குப் போய்விடுவான். ஊருக்கு வரும்போதெல்லாம் போனைத் திறந்து, "அத்தான், இதப் பாருங்க" என்று மீன்களைக் காட்டுவான். நான் இரண்டு படம் பார்த்துவிட்டுச் சம்பளத்தையும் கல்யாணத்தையும் பற்றிக் கேட்பேன். என் மாமியார், "தண்ணியோட வெளையாடாதப்பா" என்பார். பதினோரு வருடம் இப்படியே ஓடியது. அவன் வாழ்க்கையில் ஆகப் பெரிய சந்தோஷம் எதுவோ, அதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு நாள், "நானும் வர்றேன்டா மாப்ளே" என்றேன். போனில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "டாக்டர்கிட்ட காதையும் நெஞ்சையும் காட்டிட்டு வாங்க அத்தான்" என்றான். புறப்படும் நாளில் என் மனைவி எங்கள் இருவர் மணிக்கட்டிலும் திருச்செந்தூர்ச் சிவப்புக் கயிற்றைக் கட்டினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியிடம், "அவரப் பத்திரமா கூட்டிட்டு வா" என்றாள்.

முறையான பயிற்சிக்குச் சில நாள் பிடிக்கும். முதலில் பாடம், பிறகு ஆழமில்லாத தண்ணீரில் பழக்கம், அதன்பின் பயிற்றுநரோடு நான்கு முறை கடலில் இறங்க வேண்டும். தேறியவர்கள் துணையோடு 18 மீட்டர் வரை போகலாம். எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது என்பது முதல் விதி. முத்துக்குளித்தவர்கள் அடக்கிய மூச்சோடு போனார்கள். நாம் இடைவிடாமல் இழுத்து விடும் மூச்சோடு போகிறோம். 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கானியானும் உருவாக்கிய மூச்சுக்கருவி தந்த கொடை அது.

பயிற்சி முடிந்து நானும் அவனும் ஜோடியாக இறங்கிய நாளைச் சொல்கிறேன். இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்க வேண்டும். என் எடைப்பட்டையையும் கொக்கிகளையும் வால்வையும் அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். தன் மார்பில் தொங்கிய மஞ்சள் குழாயைக் காட்டி, "ஒங்க காத்து தீந்தா இது ஒங்களுக்கு" என்றான். அந்தக் குழாயைப் பார்த்தபோதுதான் தோணிக் கயிறு ஞாபகம் வந்தது.

நாலு மீட்டரில் காது வலித்தது. காதைக் காட்டிக் கையை ஆட்டினேன். அவன் உடனே என் முகத்துக்கு நேராக வந்து, சற்று மேலே போகச் சைகை காட்டி, தன் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காட்டினான். நானும் ஊதினேன். காது திறக்கும்வரை அவசரப்படுத்தாமல் கூடவே நின்றான். பத்து மீட்டரில் மணிக்கட்டைப் பார்த்தால் சிவப்புக் கயிறு கறுத்துக் கிடந்தது. கடல் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். அவன் டார்ச்சை அடித்தான். கயிறு பளிச்சென்று சிவந்தது. அந்த வெளிச்சத்தை அப்படியே நகர்த்திக் கடற்சாமந்தியின் மேல் வைத்தான். அசையும் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கோமாளி மீன் எங்களை எதிர்த்து நின்றது. போனில் நான் தள்ளிவிட்ட படங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அவன் என் காற்றுமானியைப் பார்த்துவிட்டு மேலே போகலாம் என்றான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று செலவாகும். புதிதாக இறங்குபவர் பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குவதால் சிலிண்டர் சீக்கிரம் தீரும். ஜோடியில் ஒருவருக்குக் காற்று குறைந்தால் இருவருமே ஏற வேண்டும். ஏறும் வழியில், பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது அவன் மானியைப் பார்த்தேன். பாதிக்கு மேல் காற்று மிச்சமிருந்தது.

எனக்காக அவன் தன் கடலில் பாதியை விட்டுக்கொடுத்திருக்கிறான். கரையேறியதும் அதைச் சொன்னேன். "தனியா எத்தனையோ தடவ பாத்தாச்சு அத்தான். இன்னைக்கு நீங்க பாத்தீங்கல்ல" என்றான்.

ஆசையைப் பகிர்வது என்றால் என்னவென்று எனக்கு அன்று விளங்கியது. தெரிந்தவர் தன் வேகத்தைக் குறைக்கிறார்; தெரியாதவர் வயதையும் உறவின் மேல்கீழையும் கரையில் வைத்துவிட்டுப் பின்னால் போகிறார். தென்கொரியாவின் ஜேஜூ தீவில் சிலிண்டர் இல்லாமல் குளித்துச் சிப்பி எடுக்கும் ஹேன்யோ பெண்கள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கடலைக் கையளிக்கிறார்கள். அந்த மரபை 2016-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கப் போகும் பெண்களும் கூட்டமாகவே கடலில் இறங்குகிறார்கள்.

விடுமுறை வருகிறது. உங்களில் யாராவது கடலுக்குள் போக ஆசைப்பட்டால், மருத்துவரைக் கேட்டு, தகுதியுள்ள பயிற்றுநரிடம் பழகுங்கள். பவளத்தைத் தொடாதீர்கள். கரையேறி ஒரு நாளாவது கழித்து விமானம் ஏறுங்கள். கடல் வேண்டாம் என்றாலும் சரி. உங்கள் வீட்டிலும் ஒருவர் பல வருடமாக எதையோ காட்ட முயன்றுகொண்டிருப்பார். பறவையாகவோ, சதுரங்கமாகவோ, மாடித்தோட்டமாகவோ அது இருக்கலாம். ஒரே ஒரு முறை அவரோடு போய்ப் பாருங்கள். போய்வந்ததை எங்களுக்கு எழுதுங்கள்.

ஊர் திரும்பியதும் என் மனைவி முதலில் எங்கள் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். உப்பில் வெளுத்திருந்தாலும் இரண்டு கயிறும் அவிழாமல் இருந்தன. அடுத்த ஜனவரிக்கு அவளும் டாக்டரிடம் காதைக் காட்டப் போகிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்